பழம் போதும்

வீடு பார்க்க வந்த அன்றைக்கே அவள் கண்ணில் பட்டது சமையலறைச் சுவரில் பதித்திருந்த ஓவன்தான். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. கதவுக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே அடித்தட்டில் மட்டும் எதுவோ கருகிப் போன கறை திட்டாகப் படிந்திருந்தது. "வேணாம்னா கழட்டிடலாம்மா" என்றார் வீட்டுக்காரர். அவள், "இருக்கட்டும் சார், என்னைக்காவது உதவும்" என்றாள்.

மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவள் கணவனோ லிஃப்ட் மெக்கானிக். சாமான் ஏற்றிய அன்று அவனுடைய அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் இவன் சரி பண்ணுவான். இவன் வீட்டுக்கு மட்டும் நாம நாக்கு தள்ள ஏறணும்" என்றாள். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதால் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள். தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள் என்பதால், அவளைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது.

வாரம் முழுவதும் அந்த வீட்டில் ஆளுக்கொரு நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நான்கு பேரும் ஒன்றாக மேசையில் உட்கார முடியும். அந்த ஒரு வேளையாவது வாய்க்கு ருசியாக எதையாவது செய்ய வேண்டும் என்று அவள் நினைத்தாள். மகள் குட்டிக்கு ஓட்ஸ் கஞ்சி பிடிக்காது; "பசை மாதிரி இருக்கு" என்று துப்புவாள். அதையே பழம் போட்டு ஓவனில் வேகவைத்தால் கேக் மாதிரி வரும் என்று கடையில் கூட வேலை செய்கிற பெண் சொல்லியிருந்தாள்.

"ஓட்ஸா? என்னைக் குதிரைன்னே முடிவு பண்ணிட்டியா?" என்றான் கணவன்.

"குதிரைன்னா வேகமா வேலை செய்யுமேடா" என்றாள் அக்கா.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்குக் காலை ஷிஃப்ட். கணவன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி கனிந்த வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, முட்டையும் பாலும் தேனும் விட்டு அடித்தாள். ஓட்ஸில் பேக்கிங் பவுடரும் சிட்டிகை உப்பும் பட்டைத்தூளும் கலந்து அதில் கொட்டினாள். ஆப்பிளைத் தோலோடு பொடியாக நறுக்கிப் போட்டாள். உலர்ந்த திராட்சையில் பாதியைக் குட்டி தின்றுவிட்டு மீதியைப் போட்டாள். வெண்ணெய் தடவிய கண்ணாடிப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஊற்றி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் ஆப்பிளும் பட்டையும் சேர்ந்த வாசனை சமையலறையை நிறைத்து, கூடத்தைத் தாண்டி வாசல் கதவின் இடுக்கு வழியாகப் படிக்கட்டுக்கு இறங்கியது. அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழம் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. மேலே அடுக்க இன்னும் ரெண்டு வாழைப்பழம் இருந்தால் நன்றாக இருக்கும். கீழே தெருமுனைக் கடையில் இருக்கும். திரும்பிக் கூடையைப் பார்த்தாள். கூடை நிறையப் பழம் இருந்தது. என்ன இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அப்போது வாசல் கதவில் சாவி திரும்பியது. கணவன்தான் என்று அவள் நிமிரவில்லை. அவன் சாவி எடுத்துப் போகவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே வந்தவர் வேறு ஆள். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்களில் கருப்பு மை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கினார். நேராகச் சமையலறைக்கு வந்து குழாயில் கை கழுவினார். எதையும் தேடவில்லை, இருட்டில்கூட வழி தெரிகிறவர்போல நடந்தார். ஜன்னலோர நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வாசனை கீழ வரைக்கும் வருது" என்றார், தினம் பேசுகிறவரைப்போல.

சத்தம் கேட்டுக் குட்டி வந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "முடிய எப்ப வெட்டின?"

"போன வாரம்" என்றாள் குட்டி.

அவர் முகம் மாறியது. ஜன்னல் திரையைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார், கையில் துணியோடு நின்றவளைப் பார்த்தார். "ஐயோ" என்றார் மெல்ல. "ஐயோ, மன்னிச்சிருங்கம்மா." எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நிற்காமல் கையில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கண்ணாடிக்குக் கத்தக்கூட வரவில்லை. பயப்பட வேண்டியவள் அவள். ஆனால் அந்த மனிதர்தான் அவளையும் குழந்தையையும் செத்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பயந்து போயிருந்தார்.

கணவன் ஓடிப்போய்த் தெருவெல்லாம் தேடிவிட்டு வந்து கத்தினான். "எவனோ ஒருத்தன் சாவி போட்டு உள்ள வந்து நாற்காலில உக்கார்ந்திருக்கான். நீ பாத்துட்டு நின்னியா?"

"திருட வந்த மாதிரி இல்லைங்க. வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது."

"யார் வீட்டுக்கு?"

அன்றைக்கே அவன் பூட்டை மாற்றினான். சுட்டு வைத்த ஓட்ஸை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விவரம் எதிர்வீட்டுத் தையல்காரரிடமிருந்து கிடைத்தது. நாத்தனார் சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போனவள், ஊசியில் நூல் கோப்பதற்குள் அவர் வாயிலிருந்து கதையை வாங்கிவிட்டாள்.

"முன்னாடி இங்க இருந்தவரும்மா. செய்தித்தாள் அச்சடிக்கற இடத்துல மிஷின் பாக்கறாரு. ராத்திரி வேலை. விடிஞ்சு வந்து தூங்குவாரு. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அவர் பொண்டாட்டியும் பொண்ணும் கடைக்குப் போயிட்டு வரோம்னு இறங்கினாங்க. இந்த வாசல்லயேதான். லாரிக்காரன் பின்னாடி எடுத்தான்..." தையல்காரர் துணியைத் திருப்பிப் போட்டார். "அவரு மேல அசந்து தூங்கறாரு. இங்க ஒரே புகை. கருகின நாத்தம். நான்தான் கதவ இடிச்சு எழுப்பினேன். எழுந்து வந்து என்னைப் பாத்து முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'அடுப்புல என்ன வெச்சுட்டுப் போனா?'ன்னு."

இப்போது அவர் அடுத்த தெருவில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாராம்.

இதைக் கேட்ட இரவு கண்ணாடி ஓவனைத் திறந்து அந்தக் கறையைத் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தாள். "ஒரு மனுஷன் பாவம்னு நாம பட்டினியா கிடக்க முடியுமா? செய்" என்றாள் நாத்தனார். செய்தாள். இந்த முறை பேரிக்காய் போட்டாள். ஓவன் சூடேறி வாசனை கிளம்பிய நேரத்தில் அதே நினைப்பு மறுபடி வந்தது. பழம் போதாது. முன்னைவிட அழுத்தமாக வந்தது. யாரோ காதோரம் நின்று வீட்டுக் காரியத்தை நினைவுபடுத்துவதுபோல இருந்தது. அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "அண்ணி, பழம் பத்தாதுபோல இருக்கே."

"பழக்கடையவே தூக்கி உள்ள வெச்சுடு" என்றாள் நாத்தனார்.

சிரித்து முடிப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. புதுப் பூட்டில் பழைய சாவி நுழையப் பார்க்கிற சத்தம். தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. உள்ளே நுழைத்துத் திருப்பிப் பார்ப்பதும், எடுப்பதும், மறுபடி நுழைப்பதுமாக நிதானமாக நடந்தது. குட்டி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார்தான் போய்க் கதவைத் திறந்தாள். திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவள், வெளியே நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், இது இப்ப எங்க வீடு."

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாததுபோல் இருந்தது. "தெரியும்மா. நான் டீ குடிக்கத்தான் கிளம்பினேன். வாசனை வந்தது. கால் தானா வந்துடுது. இனிமே வரமாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அன்றைக்குக் கணவன் முடிவாகச் சொன்னான்: "போதும். இந்த வாசனையும் வேணாம், அந்த ஆளும் வேணாம். ரொட்டி வாங்கிச் சாப்பிடலாம்."

அப்படியே சில வாரங்கள் போயின. ரொட்டியும் முட்டையுமாக ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஓவன் குளிர்ந்து கிடந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்த நினைப்பு மட்டும் விடவில்லை. கடையில் வில்லையைத் தேய்க்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, திடீரென்று எதையோ வாங்க மறந்துவிட்டதுபோல நெஞ்சு துணுக்குறும். வீட்டுக்கு வரும் வழியில் கை தானாக வாழைப்பழத்தை எடுத்துவிடும். கூடையில் பழம் கருத்து அழுக ஆரம்பித்தது. கணவனிடம் சொன்னால் வீட்டைக் காலி செய்துவிடுவான்; குட்டிக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். அதனால் சொல்லவில்லை.

கடைசியில் குட்டிதான் பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு அந்த ஓரம் மொறுமொறுவென்று வெந்த ஓட்ஸ் வேண்டும். கணவனும் இறங்கி வந்தான். "நான் வீட்டுல இருக்கேன். பண்ணு. எவன் வரான்னு பாக்கலாம்."

அவன் இருக்க முடியவில்லை. அவள் பழத்தை மசிக்க ஆரம்பித்தபோதே போன் வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாத்தனார் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். அவள் குளிக்கப் போனால் சுலபத்தில் வெளியே வரமாட்டாள்.

பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்தது கண்ணாடிக்கு நினைவிருக்கிறது. குட்டியை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலை வாரத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவில் ஒன்றுமில்லை.

அடுத்ததாக அவளுக்குத் தெரிந்தது காலடியில் சில்லென்ற படிதான். அவள் செருப்பில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பர்ஸ், இன்னொரு கையில் குட்டியின் மணிக்கட்டு. குட்டியின் தலையில் சீப்பு செருகியபடியே இருந்தது. கண்ணாடி ஏதோ பேசிக்கொண்டே வேறு இறங்கினாள். அவள் குரல்தான், ஆனால் அவள் யோசித்துப் பேசிய பேச்சு இல்லை.

"சீக்கிரம் வாடி. அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடலாம். எழுந்ததும் சூடா குடுக்கணும்."

குட்டி கையை இழுத்தாள். "அம்மா, அப்பா தூங்கலையே. லிஃப்ட் பாக்கத்தானே போயிருக்காரு."

அந்தப் பேச்சில்தான் அவள் கால் நின்றது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். கீழ்த்தளம் தெரிந்தது. அதற்கப்பால் திறந்த வாசலும், வெயிலடிக்கும் தெருவும். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே, படிக்கட்டின் குறுக்கே, இரண்டு கைகளையும் விரித்து ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு அந்த அச்சக மனிதர் நின்றிருந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் அவர்.

"பழம்..." என்றாள் அவள். "பழம் வாங்க."

"என்ன பழம்?"

"வாழைப்பழம். மேல அடுக்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "பழம் போதும்" என்றார். "இருக்கறதே போதும்மா. மேல போங்க. புள்ளையக் கூட்டிட்டு மேல போங்க. போயிடுங்க." கெஞ்சினாரா, அதட்டினாரா என்று தெரியவில்லை. அந்தப் பேச்சு அவளைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தாலும் அவளுக்கு மட்டும் சொன்னதாக இல்லை.

கண்ணாடி குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் அவருடைய காலடியும் கேட்டது. அவர் முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. கீழே யாரும் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்போல ஏறி வந்தார்.

மூன்றாவது மாடியில் கதவு விரியத் திறந்து கிடந்தது. நாத்தனார் ஈரத்தலையில் துண்டோடு கூடத்தில் நின்றிருந்தாள். "கதவத் திறந்து போட்டுட்டு எங்கடி போனீங்க ரெண்டு பேரும்?" என்று ஆரம்பித்தவள், கண்ணாடியின் வெறுங்காலையும் பின்னால் வந்தவரையும் பார்த்துவிட்டுக் குட்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"தெரியல அண்ணி" என்றாள் கண்ணாடி. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அவள் அழுது முடித்த பிறகு, "அம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "அது வெந்து வெளிய எடுக்கற வரைக்கும் நான் இங்க இருக்கட்டுமா? அன்னைக்கு எடுக்க ஆளில்ல. நான் தூங்கிட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கறவனுக்கெல்லாம் வாசனை போயிருக்கு, எனக்கு மூக்குல ஏறல. வாரா வாரம் அவ எடுத்து வெச்சுட்டுத்தான் என்னை எழுப்புவா. அது ஓவன்லேருந்து வெளிய வர்றத நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

கண்ணாடி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உள்ள வாங்க சார். வெளிய நின்னு என்ன பண்ணப் போறீங்க" என்றாள்.

நால்வரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். ஓவன் கண்ணாடி வழியாக மாவு மெல்ல எழும்புவதும் ஓரம் சிவப்பதும் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. குட்டிதான் பேசினாள்.

"உங்க பாப்பாக்கு இது புடிக்குமா?"

"ஓரம் மட்டும் திம்பா" என்றார் அவர். "நடுவுல இருக்கறத எனக்குத் தள்ளிடுவா."

"நானும் ஓரம்தான்" என்றாள் குட்டி.

நேரமானதும் கண்ணாடி ஓவனை அணைத்தாள். கையில் எடுத்த தடித்த துணியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டாக மடித்துக் குனிந்து பாத்திரத்தை வெளியே எடுத்தார். எடுக்கையில் அது தட்டில் மோதி 'டங்' என்றது. மேலே பொன்னிறமாக வெந்திருந்தது, ஆப்பிள் துண்டுகள் ஓரம் கருகாமல் சுருங்கியிருந்தன. மேசையில் வைத்துவிட்டு அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆவி முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

கணவன் கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தபோது, தன் மேசையில் அந்த ஆள் உட்கார்ந்து ஓட்ஸின் நடுப்பகுதியைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். கணவனுக்கு முகம் சிவந்தது. அக்கா அவன் கையைப் பிடித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தலை தாழ்ந்தது. வெளியே வந்து மனைவியின் காலைப் பார்த்தான். இன்னும் செருப்பில்லை, பாதத்தில் படிக்கட்டுத் தூசி. அவன் கையைக் கழுவிவிட்டு வந்து மீதியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"லிஃப்ட்ல மாட்டினவங்க வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

"வந்துட்டாங்க சார். எல்லாரும் நல்லபடியா வந்துட்டாங்க."

"சந்தோஷம்" என்றார் அவர். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

அவர் போன பிறகு கண்ணாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. லாரி எதுவும் வரவில்லை. கடைக்காரர் பழக்குலையைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார். இறங்கியிருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் திரும்பியிருப்பார்களோ என்னவோ. கணவன் அதைத்தான் சொன்னான், அவளைத் தேற்ற. சொல்லிவிட்டு அவனே அன்று மாலை வேறு வீடு தேடக் கிளம்பினான்.

குட்டிக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். ஓவனைப் பிறகு யாரும் பற்றவைக்கவில்லை. அவர் இரண்டு முறை வந்தார்; மணி அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை காத்திருந்து வந்தார். காலி செய்த அன்று பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொடுத்ததும் அவர்தான். கண்ணாடி வீட்டுக்காரரிடம் ஓவனைக் கழற்றிவிடும்படி சொன்னாள். காரணம் கேட்டார். சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால், "இப்பல்லாம் அத வெச்சுத்தான்மா வீடு வாடகைக்குப் போகுது" என்றார்.

கீழே வண்டியில் சாமானைக் கட்டும்போது அதை அந்த அச்சக மனிதரிடம் சொல்லி வருத்தப்பட்டாள். "இனி வர்றவங்களுக்கு யாரு சார் சொல்லுவா? சொன்னாத்தான் நம்புவாங்களா?"

"நீங்க போங்கம்மா" என்றார் அவர். "நான் பாத்துக்கறேன்."

அப்போது அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைக்கக் கொடுத்ததை வாங்க நாத்தனாரோடு அந்தப் பக்கம் போனாள். மூன்றாவது மாடியில் புதிதாகக் கல்யாணமானவர்கள் குடிவந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். கட்டட வாசலில் நுழைந்ததுமே வெண்ணெயும் பட்டையும் கலந்த வாசனை இறங்கி வந்தது. மேலே யாரோ ஓவனில் எதையோ வைத்திருந்தார்கள்.

கீழ்ப்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தானே அச்சடித்த செய்தித்தாளை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் தூக்கத்துக்குச் சிவந்திருந்தது, ஆனால் தூங்கவில்லை. அவர்களைப் பார்த்ததும் சிரித்து, காலை மடக்கி, மேலே போக வழிவிட்டார்.